வரிசை வீட்டுக் கணக்கு: இராமானுஜனும் மகலனோபிசும்

நீலகிரியில் கட்டபெட்டைச் சுற்றியுள்ள ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருக்கும். அப்படி எட்டு வீடுகளுக்கு 1 முதல் 8 வரை எண் போட்டுக்கொள்வோம். ஆறாம் வீட்டுக்கு இந்தப் பக்கத்து எண்களைக் கூட்டினால் 15. அந்தப் பக்கத்து 7, 8 இரண்டையும் கூட்டினாலும் 15. சரி, தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள் இருந்தால், இப்படி இரு பக்கமும் சமமாகும் வீடு எது? 1914 டிசம்பர் ஸ்ட்ராண்ட் இதழில் வந்த புதிர் இது.

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பி.சி. மகலனோபிஸ், எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடையைப் பிடித்தார்: 288 வீடுகள், அதில் 204ஆம் வீடு. காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜனிடம் புதிரைச் சொன்னார். அவரோ, எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு தொடர்பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரு கோவையை, சொன்னார். அதில் ஒரு விடை அல்ல, எல்லா விடைகளும் இருந்தன.

இரண்டின் வர்க்கமூலத்தைத் தொடர்பின்னமாக எழுதினால் கிடைக்கும், அதை நெருங்கும் பின்னங்களை எடுங்கள்: 3/2, 7/5, 17/12. ஒவ்வொன்றிலும் மேலெண்ணையும் கீழெண்ணையும் பெருக்கினால் 6, 35, 204. வீட்டு எண்கள் அப்படியே வந்து விழுகின்றன!

கணக்கைக் கேட்டவுடன் தொடர்பின்னம்தான் என்று தெரிந்துவிட்டது, எது என்று யோசித்தேன், வந்தது என்றார் இராமானுஜன். அசாத்தியத் துணிவு. ஆனால் அது எப்போதும் கைகொடுக்கவில்லை. 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதியபோது பகா எண்களைப் பற்றி அவர் உறுதியாகச் சொன்ன சில முடிவுகள் தவறாயின. நிரூபணம் வேண்டும் என்ற ஹார்டியோடு உட்கார்ந்து அந்த மேதை கற்றுக்கொண்டதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

மகலனோபிசின் வழி வேறு. ஓர் எண்ணைப் போடு, எவ்வளவு தவறியது என்று பார், திருத்து. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர், வங்கத்தின் சணல் சாகுபடிப் பரப்பைக் கணிக்கும்போதும் இதையே செய்தார். முதலில் சிறிய அளவில் மாதிரி எடுத்தார், பிழையை அளந்தார், பிறகே ஆண்டுதோறும் ஆய்வை விரித்தார். தன் பிழையை அளந்து பார்க்கவும் ஒரு துணிவு வேண்டும். இராமானுஜன் தன்னை மிஞ்சிய இந்தக் கதையை உலகுக்குச் சொன்னவரும் அவர்தான்.

இருவரில் இராமானுஜன் பெரிய கணிதர், சந்தேகமில்லை. ஆனால் நம் வகுப்பறைகள் சட்டென்று கை தூக்கும் பிள்ளையை மட்டுமே கெட்டிக்காரன் என்கின்றன. ஆசிரியர்களே, இந்தப் புதிரை 49 வீடுகளுக்குப் போடுங்கள். எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு 35ஐக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.