காரணம் சொல்லாத யோசனை: கேல் கடிதம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

மோர்ஸ் தந்தியில் இயற்பியலாளர் ஜோசப் ஹென்றிக்கு உரிய பங்கு எவ்வளவு என்ற வழக்கு, 1856 ஏப்ரலில் மோர்ஸின் சக பேராசிரியர் லெனார்ட் கேல் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. மின்காந்தம் பற்றிய ஹென்றியின் 1831ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தாம் காட்டியபோது மோர்ஸ் பெரிதும் வியந்தார் என்கிறார் கேல். மோர்ஸோ 1855இல் ஹென்றிக்குத் தாம் எந்த விதத்திலும் கடன்பட்டிருக்கவில்லை என்று அச்சிலேயே மறுத்திருந்தார். ஆகவே அவர் அறிந்தே மறைத்தார் என்பது ஒரு சாராரின் முடிவு. இருபதாண்டு கழிந்து எழுதிய நினைவுக்கு மதிப்பில்லை என்பது மறுசாராரின் முடிவு. வியப்பைச் சொல்லும் இடத்தில் நின்றுவிடும் இவ்விரு வாசிப்புகளும் அதற்கு முன்பு வரும் செய்திக்கு உரிய எடை தரவில்லை என்பது என் கருத்து.

அச்செய்தி இது: 1836இல் மோர்ஸின் கருவி சுமார் நாற்பது அடிச் சுற்றில் மட்டுமே இயங்கியது. ஒற்றை மின்கலமும் காந்தத்தின் மீது சில சுற்றுக் கம்பியுமே அதில் இருந்தன. குறை எங்கே என்று கேலுக்குப் பார்த்தவுடனே புரிந்தது. பல கலங்களைத் தொடராக அடுக்கவும், சுருளில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றவும் அவர் யோசனை கூறினார். ஆனால் அதற்கான காரணத்தை அப்போது சொல்லவில்லை, பின்னரே விளக்கினார். அதன்பின் 200 அடி, 1,000 அடி, பத்து மைல் என்று தொலைவு கூடியது. இந்த யோசனை ஹென்றியின் கட்டுரையிலிருந்தே வந்தது என்றும் கேல் ஒப்புக்கொள்கிறார். நீண்ட கம்பிக்குத் தொடர் அடுக்கும் பல சுற்றுச் சுருளும் பொருந்தும் என்பதை ஹென்றி ஆல்பனியில் 1,060 அடிக் கம்பியைக் கொண்டு நிறுவியிருந்தார். 200 அடிக் கம்பியிலேயே விளைவு வெகுவாகத் தளர்வதைக் கண்டு ஆங்கிலேய அறிஞர் பார்லோ 1825இல் தந்தியைக் கைவிட்டதற்கு விடையும் அங்கேயே இருந்தது.

காரணம் சொல்லாமல் யோசனை மட்டும் கைமாறியது என்றால், மோர்ஸ் அப்போது பெற்றது விளைவை மட்டுமே, விதியை அல்ல. கட்டுரை எப்போது காட்டப்பட்டது என்பதைக் கடிதம் தெளிவாக்காததால் இங்கே உறுதியாகப் பேச முடியாது. எனினும் மோர்ஸை மிகவும் வியக்கவைத்தது பார்லோவின் தந்தி முயற்சி பற்றிய குறிப்புதான் என்று கேல் சொல்வது கவனத்துக்குரியது. காந்தத்தைக் கொண்டு செய்தி அனுப்பும் எண்ணம் தமக்கு முன் எவருக்கேனும் தோன்றியிருந்ததாக மோர்ஸ் அறிந்திருக்கவில்லை. கலம், சுருள் பற்றிய இயற்பியல் அவரை அந்த அளவு அசைத்ததாகத் தெரியவில்லை. 1839 மே மாதத்தில் அவர் பிரின்ஸ்டன் சென்று ஹென்றியிடம் விளக்கம் கேட்டதும் இந்த வாசிப்போடு ஒத்துப்போகிறது. கண்டுபிடிப்பு என்றாலே மூல எண்ணம் என்று கருதிய ஒருவர், ஹென்றிக்குக் கடனில்லை என்று நேர்மையாகவே நம்பியிருக்க இடமுண்டு. அந்த நம்பிக்கை நேர்மையானது, ஆனால் தவறானது.

கேல் ஹென்றியை மகிழ்விக்க எழுதினார் என்ற ஐயம் நிற்காது. அதுவே நோக்கமெனில், காரணம் சொல்லவில்லை என்று எழுதி மோர்ஸுக்கு வழிவிட்டிருக்க மாட்டார். மோர்ஸின் கூட்டாளி ஆல்பிரட் வெயிலின் பங்கைக் கொண்டு கேலின் பங்கை மறுப்பதும் பொருந்தாது. வெயில் 1837 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தார். அவருடையது பொறிநுட்பத் திறன்.

அறிஞர்களிடம் கேட்டறிவது கண்டுபிடிப்பாளரின் உரிமையைக் குறைக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1854இல் கூறியது. காப்புரிமைக்கு அந்த அளவுகோல் போதும், வரலாற்றுக்குப் போதாது. கருவியின் எப்பகுதி யார் சொல்லி மாறியது என்று கேட்டால்தான் 1838 ஒப்பந்தத்தில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் பெற்ற கேல் தமக்குரிய இடத்துக்கு வருவார். ஹென்றியின் விதியை மோர்ஸின் கருவிக்குள் கொண்டுசேர்த்தவர் அவரே. அவரை வெறும் சாட்சியாக நிறுத்தும் வரலாறு, நாற்பது அடி எப்படிப் பத்து மைலானது என்பதை விளக்க இயலாது.