பாலூட்டும் தாய்மார்கள் கோதுமை உணவு உண்ணலாமா?

உண்ணலாம். தாய்க்குச் சீலியாக் நோயோ கோதுமை ஒவ்வாமையோ இல்லையெனில், பாலூட்டும் காலத்தில் கோதுமையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

குளூட்டன் என்பது என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளூட்டன். சப்பாத்தி, ரவை, சேமியா, பரோட்டா, பிஸ்கட் ஆகியவற்றில் இது உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், பெரம்பலூர் வட்டாரத்தில் மிகுதியாக விளையும் மக்காச்சோளம் ஆகியவற்றில் இல்லை. தாய் உண்ணும் குளூட்டனில் மிகச் சிறிதளவே தாய்ப்பாலில் கலக்கிறது. அது நலமான குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை.

சத்துமாவை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்ட அங்கன்வாடி மையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கு வழங்கப்படும் சத்துமாவில் கோதுமை உள்ளது. குழந்தை அழுகிறது என்பதற்காக அதனை நிறுத்தினால், உங்களுக்குத் தேவையான ஊட்டச்சத்தே குறையும். பிறந்த குழந்தைகளின் அழுகை ஏறக்குறைய 6 வாரத்தில் மிகுந்து, 3 முதல் 4 மாதங்களில் தணிவது இயல்பு.

யார் தவிர்க்க வேண்டும்?

சீலியாக் நோய் தென்னிந்தியாவில் அரிது. அந்நோய் உறுதி செய்யப்பட்ட தாய்மார்கள் வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்க்க வேண்டும். ஆயினும் தாராளமாகப் பாலூட்டலாம். கோதுமை மாவு அல்லது மைதா கலந்த கூட்டுப் பெருங்காயம், மால்ட் சேர்ந்த பானங்கள் ஆகியவற்றிலும் கவனம் தேவை. சத்துமாவு பெறும் முன் அங்கன்வாடிப் பணியாளரிடம் தெரிவிக்கவும்.

நீடித்த வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை உண்டும் தீராத இரத்தசோகை ஆகியவை உங்களுக்கு இருந்தால் மருத்துவரை அணுகவும். இரத்தப் பரிசோதனைக்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் முடிவில் தென்படாமல் போகலாம்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்

குழந்தையின் மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், எடை கூடாமை ஆகியவை தென்பட்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனை அல்லது அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லவும். மலத்தில் இரத்தம் காணப்படுவதற்குப் பசும்பால் புரத ஒவ்வாமை போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். மருத்துவர் கூறாமல் எவ்வுணவையும் விலக்காதீர்கள், தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள்.

நினைவிற்கொள்க

முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. அதன்பின் தாய்ப்பாலுடன் தரும் இணை உணவில் கோதுமையையும் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ சீலியாக் நோய் இருப்பின், முன்னதாக மருத்துவரிடம் தெரிவிக்கவும். ஆலோசனைக்கு 104, அவசர உதவிக்கு 108 எண்ணை அழைக்கவும்.