ஏக்கரும் ஹெக்டேரும்

உடைமைகள் பலவற்றுள்ளும் நிலமே நிலைபெற்றது என்பர் பெரியோர். நிலம் நிலைபெற்றதாயினும், அதனை அளக்குங் கோல் காலந்தோறும் மாறியே வந்துள்ளது. பாட்டனார் எழுதிவைத்த பத்திரத்தில் ஏக்கரும் சென்டும் காணப்படுகின்றன. இன்று அரசு வழங்கும் பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும் காணப்படுகின்றன. இவ்விருவகை அளவைகளும் எங்ஙனந் தோன்றின, ஒன்றை மற்றொன்றாக மாற்றுமாறு யாது என்பவற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை வரையலானோம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதற்கண் கூறுவாம். எமக்கு அத்தை முறையாகும் மூதாட்டியார் ஒருவர், கணவரை இழந்தவர், தம் பேத்தியின் மணச் செலவின்பொருட்டு நிலத்தை விற்க எண்ணினார். தரகர் ஒருவர் பட்டாவை நோக்கி, அதன்கண் ‘0 - 40.50’ என்றிருத்தலால் நிலம் நாற்பதரை சென்ட் என்று கூறி, அவ்வளவிற்கே விலை பேசி, முன்பணமும் கொண்டுவந்துவிட்டார். அத்தையார் மனம் அமையாது எம்மிடம் வந்து, “தம்பி, உன் மாமா ஒரு ஏக்கர் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்? மீதி நிலம் எங்கே போயிற்று?” என்று வினவினார். நிலம் எங்கும் போகவில்லை. பட்டாவிற் கண்ட எண் சென்டைக் குறிப்பதன்று, ஏரைக் குறிப்பது. தரகர் அறியாது கூறினாரோ அறிந்தே கூறினாரோ, அது நமக்கு வேண்டா. அளவையின் வரலாற்றை அறிந்தார்க்கு இவ்விழப்பு நேராது என்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது.

நம் முன்னோர் அளவையில் வல்லுநராயிருந்தனர். அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாக வரும் எழுத்துக்களைத் தொல்காப்பியனார் தொகை மரபில் எண்ணிக் கூறினார். முதலாம் இராசராச சோழன் ஆட்சியில், கி.பி. 1001-ஆம் ஆண்டையொட்டி, சோழநாட்டு நிலம் அளக்கப்பட்டது. வேலி, மா, காணி, முந்திரி எனக் கீழ்வாயிலக்கம்வரை நிலத்தைக் கணக்கிட்ட கல்வெட்டுக்கள் பலவுள. ஆயினும் ஒரு குறை இருந்தது. பன்னிருசாண் கோல், பதினாறுசாண் கோல் எனக் கோல்கள் பல வழங்கினமையால், ஒரே பெயருடைய நிலப்பரப்பு ஓரூரிற் பெரிதாயும் மற்றோரூரிற் சிறிதாயும் இருந்தது. தஞ்சைப் பக்கத்து வேலியும் சென்னைப் பக்கத்துக் காணியும் தம்முள் எளிதிற் பொருந்தா.

இனி ஏக்கரின் வரலாற்றை நோக்குவாம். ஏக்கர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் வயல் என்பதே. எருது பூட்டிய ஏரால் ஒரு நாளில் உழத்தக்க நிலத்தை அந்நாட்டார் ஓர் ஏக்கர் என்றனர். 220 கெஜ நீளமும் 22 கெஜ அகலமும் உடையது அது. ஆகவே அதன் பரப்பு 4,840 சதுர கெஜம், அஃதாவது 43,560 சதுர அடி. இவ்வெண்ணைக் கொண்டு கணக்கிடுதல் அரிதாயிருத்தலை உணர்ந்து, எட்மண்டு குந்தர் என்னும் கணித ஆசிரியர் 1620-ஆம் ஆண்டளவில் 66 அடி நீளமுள்ள சங்கிலியொன்றை அமைத்து, அதனை நூறு கண்ணிகளாகப் பகுத்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் ஆயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியிற் சென்னை மாகாண நிலங்களை அளந்தபொழுது ஏக்கரும், அதன் நூற்றிலொரு கூறாகிய சென்டும் நம் நாட்டிற் பரவின. நூறு நூறாகப் பகுக்கும் முறை ஆங்கில அளவையினுள்ளும் இருந்ததென்பது இதனால் விளங்கும்.

மீட்டர் அளவையின் பிறப்பிடம் பிரான்சு நாடு. அங்குப் பழங்காலத்தில் ஊருக்கோர் அளவை வழங்கியது. உழவர் செலுத்தவேண்டிய தானியத்தை நிலக்கிழார் தம் மரக்காலாலேயே அளந்துகொண்டனர். 1789-ஆம் ஆண்டில் மக்கள் தம் குறைகளை எழுதி அரசனுக்கு விடுத்தபொழுது, நாடு முழுதும் ஒரே அளவை வேண்டுமென்று பலவூரார் முறையிட்டனர். அதன்பின் 1791-இல், பூமியின் வடமுனையிலிருந்து நிலநடுக்கோடுவரையுள்ள தொலைவிற் கோடியிலொரு கூற்றை மீட்டர் எனக் கொள்வதென்று முடிவாயிற்று. அத்தொலைவை அறிதற்பொருட்டு தெலாம்பர், மெசேன் என்னும் வானூலறிஞர் இருவர் 1792-இற் புறப்பட்டு, டன்கர்க் முதல் பார்சலோனா வரை ஏழாண்டுகளாக அளந்தனர். மெசேன் தம் கணக்கிற் சிறிய முரண்பாடொன்றைக் கண்டு, வெளியிடாது மறைத்து, அக்கவலையாற் பெரிதும் வருந்தினார். 1804-இல் அவர் இறந்தபின்னரே தெலாம்பர் அதனை அறிந்தார். அளப்போனுக்கு நேர்மை எத்துணைச் சுமையாகும் என்பதற்கு இஃதொரு சான்று.

1795-ஆம் ஆண்டுச் சட்டம் மீட்டர், லிட்டர், கிராம் என்பவற்றோடு நிலத்திற்கு ‘ஏர்’ என்னும் அளவையையும் வகுத்தது. பத்து மீட்டர் சதுரம், அஃதாவது 100 சதுர மீட்டர், ஓர் ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். இவ்வேர் நம் உழுபடையாகிய ஏரன்று; வெற்றிடத்தையும் நெற்களம் போன்ற போரடிக்குங் களத்தையும் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உழும் ஏரோடு உறவுடையது ஏக்கரே என்பது வியப்பன்றோ? பிரெஞ்சு மக்களும் புதிய அளவையை உடனே ஏற்றிலர். 1812-இற் பழைய பெயர்களுக்கு மீண்டும் இடந்தரப்பட்டது; 1840-ஆம் ஆண்டு முதலே மீட்டர் முறை கட்டாயமாயிற்று. 1875-இற் பதினேழு நாடுகள் பாரிசில் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆங்கிலம் வழங்கும் ஆறு நாடுகள் 1959-இல் ஒரு கெஜம் 0.9144 மீட்டர் என்று வரையறுத்தமையால், ஓரடி 0.3048 மீட்டர் என்பது ஐயத்திற்கிடமின்றி நிலைத்தது.

நம் நாட்டில் 1956-இல் அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரலில் நூறு காசு கொண்ட ரூபாய் வந்தது. 1958 அக்டோபர் முதற் படிப்படியாகப் புகுத்தப்பட்ட மீட்டர் முறை 1962-இல் எங்கும் கட்டாயமாயிற்று. வீசையும் பலமும் படியும் கடைவீதியை விட்டு நீங்கின. நிலத்தின்கண் மட்டும் பழைய அளவை நாவை விட்டு நீங்கிற்றிலது. எழுத்தில் ஹெக்டேரும் பேச்சில் ஏக்கருமாக இரண்டும் உடன் வாழ்கின்றன. ஏமாற்றத்திற்கு இடந்தருவது இவ்விரட்டை வழக்கே.

ஆதலின் மாற்றும் முறையை நினைவிற் கொள்க. ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர். ஓர் ஏர் 2.471 சென்ட். ஓர் ஏக்கர் 40.47 ஏர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அல்லது 40.47 சதுர மீட்டர். சென்னைப் பக்கத்து மனையாகிய கிரவுண்டு 2,400 சதுர அடி; அஃது ஐந்தரை சென்டிற்குச் சிறிது மிகும்.

கற்றாரும் வழுவும் இடமொன்றுண்டு. ஒரு மீட்டர் 3.28 அடியாதலின், ஒரு சதுர மீட்டரும் 3.28 சதுர அடியே எனச் சிலர் கருதுவர். நீளத்தை ஒருமுறை பெருக்கினாற் போதும். பரப்பிற்கு நீளம் அகலம் இரண்டிற்கும் பெருக்கல் வேண்டும். ஆகவே ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடியாம். 200 சதுர மீட்டர் மனையைத் தவறாகக் கணக்கிட்டால் 656 சதுர அடியே வரும். உண்மையில் அது 2,153 சதுர அடி.

இனி அத்தையாரின் கணக்கைக் காண்க. 40.50 ஏரை 2.471-ஆற் பெருக்க, 100 சென்டிற்குச் சிறிது மிகுதியாக வருகின்றது. எம் மாமனார் கூறிய ஓர் ஏக்கர் பிழையன்று. பெட்டியடியிற் கிடந்த பழம்பத்திரமும் அதனையே கூறிற்று. ஏறக்குறைய அறுபது சென்ட் நிலம் ஒரு சொல்லின் மயக்கத்தாற் கைவிட்டுப் போகவிருந்தது. பேச்சு முறிந்தது, முன்பணம் திருப்பித் தரப்பட்டது. நிலம் பின்னர் உரிய விலைக்கே விற்கப்பட்டு, பேத்தியின் திருமணமும் இனிது நிறைவேறிற்று.

ஏக்கரும் பொய்யன்று; ஹெக்டேரும் பொய்யன்று. அளவையின் பெயரை நீக்கி எண்ணை மட்டும் கூறுதலே பொய்க்கு வாயிலாகும். ஆதலின், நம் சகோதரர்கள் இத்திங்களிலேயே தத்தம் வீட்டுப் பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்து அருகருகே வைத்து, ஈண்டுக் கூறிய முறையால் ஒத்துநோக்குவாராக. கணக்கு ஒவ்வாதாயின், கையொப்பமிடுதற்கு முன்னரே நில அளவர்பாற் கேட்டுத் தெளிக. இக்கணக்கை ஆண்மக்கட்கு மட்டுமன்றிப் பெண்மக்கட்கும் கற்பிக்க. ஆடவர் இல்லாத வீட்டில் பட்டாவைக் கையிற்கொண்டு நிற்போர் அவரே ஆதலின்.