பலாலிக்கு எட்டாத புள்ளிகள்

யாழ்ப்பாணத்துப் புத்தூருக்கு வடமேற்கே சில மைல் தொலைவில், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பிரித்தானிய வான்படையினர் அமைத்த பலாலித் தளம், இலங்கையின் விமானப் போக்குவரத்துச் சரித்திரத்தின் முதற்பக்கத்திலேயே இடம்பெற்றது. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோன் விமான நிறுவனத்தின் முதற்சேவை இரத்மலானையிற் புறப்பட்டு, இங்கே இறங்கிய பின்னரே சென்னைக்குச் சென்றது. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று தேவியர் பெயர் பூண்ட மூன்று டக்கோட்டாக்களே அந்நாளில் அந்த ஸ்தாபனத்தின் ஆஸ்தி. தூரதேசங்களுக்குப் பறக்க அதற்குக் கூட்டாளிகள் வேண்டியிருந்தனர். முதலில் ஆஸ்திரேலிய நிறுவனமொன்றும், பின்னர் டச்சுக்காரரின் கே.எல்.எம்.மும், அதன்பின் பிரித்தானியரின் பி.ஓ.ஏ.சி.யும் கைகொடுத்தன.

விமான நிறுவனங்களிடையே கூட்டு இவ்வாறு பழையதாயினும், பறந்த மைல்களைக் கணக்கிட்டுப் பிரயாணிக்குச் சன்மானமளிக்கும் வழக்கமோ, கணினிகள் ஆசனப்பதிவை ஏற்றுக்கொண்ட பின்னர், 1981 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் தொடங்கிய திட்டத்தினாலேதான் உலகெங்கும் பரவிற்று. 1997 இல் ஸ்டார் அலையன்ஸும், 1999 இல் வன்வேர்ல்டும் விமானக் கூட்டணிகளாகத் தோன்றவே, ஒரு நிறுவனத்தின் அங்கத்தவர் மற்றொன்றில் பறந்தும் தம் கணக்கை வளர்க்கலாயிற்று. இலங்கையின் ஸ்ரீலங்கன் விமான நிறுவனம் எமிரேட்ஸின் நிர்வாகத்தில் இருந்த காலத்தில் அதன் ஸ்கைவார்ட்ஸ் மைல் திட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அவ்வுறவு 2008 இல் முடிந்தபின் ஃப்ளைஸ்மைல்ஸ் என்ற சொந்தத் திட்டத்தோடு நின்று, 2014 மே 1 ஆம் திகதி வன்வேர்ல்டிற் சேர்ந்தது.

இந்தச் சேர்க்கையின் பயனை நன்கு அறிந்தவர்கள், உள்நாட்டு யுத்தத்தினால் இலண்டனுக்கும் பாரிஸுக்கும் ரொறன்ரோவுக்கும் சிதறி, ஊர்த்திருவிழாவுக்கும் உறவினர் கலியாணத்துக்கும் அந்தியேட்டிக்குமாக வந்துபோகும் புத்தூர்க்காரரே எனலாம். ஃப்ளைஸ்மைல்ஸ் அங்கத்தவர் ஒருவர், கட்டார் எயர்வேய்ஸிலோ பிரிட்டிஷ் எயர்வேய்ஸிலோ பிரயாணஞ் செய்யும்போது தமது இலக்கத்தைக் கொடுத்தால், அந்தத் தூரமும் அவருடைய அந்தஸ்துக் கணக்கில் ஏறும். ஆனால் முழுத்தூரமும் ஏறுமென்று நம்புவது பேதைமை. பயணச்சீட்டில் ஓரெழுத்தாக ஒதுங்கியிருக்கும் கட்டணவகுப்பே அதை நிர்ணயிக்கும். மலிவான சீட்டுக்குக் காற்பங்கு கிடைப்பதும், சிலவற்றுக்கு ஒன்றுமே கிடையாதுபோவதும் உண்டு. தங்கநிலையை எட்டினாலோ, வன்வேர்ல்டில் அது நீலக்கல் நிலையாக மதிக்கப்பட்டு, விசேஷ ஓய்வறையும் மேலதிகச் சாமானும் கிட்டும். ஓய்வறையைப் பற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை. ஒடியலும் புழுக்கொடியலும் பினாட்டும் வறுத்தரைத்த மிளகாய்த்தூளும் பெட்டியில் அடைபட்டு, கைத்தராசிலே தூக்கி நிறுக்கப்படும் வீடுகளில், பேச்செல்லாம் அந்த மேலதிக நிறையைப் பற்றியதே.

பலாலியின் கதை இவ்வளவு சுகமாகச் செல்லவில்லை. யுத்தத்தினால் நெடுங்காலம் சர்வதேசச் சேவை அற்றிருந்த அத்தளம், 2019 ஒக்ரோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயரின் சிறு விமானம் வரத்தொடங்கி, கொரோனாவினால் தடைப்பட்டு, 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது. இவ்விரண்டும் அந்தப் பெருங்கூட்டணிகள் எதிலும் அங்கம் வகிப்பவையல்ல. ஆகவே சமுத்திரங்களைக் கடந்து சேர்த்த நீலக்கல் அந்தஸ்து, சென்னை மீனம்பாக்கத்தில் பலாலிக்கு மாறியேறும் வரிசையிலே செல்லாக்காசாகிவிடுகிறது. வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் அடையக்கூடிய நிலையத்தை விட்டு, கட்டுநாயக்காவில் இறங்கி, ஏ9 வீதியில் இராமுழுதும் வான் பிடித்து வருவதே இலாபமென்று கணக்குப்போடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பெட்டிகளின் நிறையைப் பார்த்தால் அவர்கள் கணக்கில் பிழை காண்பது கடினம்.