ஏட்டுச்சுவடி முதல் ஏலக்காய்த் தோட்டம் வரை: ஒத்துப்பார்க்கும் கலையின் வரலாறு

வியாபாரிகளாகிய எங்களுக்கு ஒத்துப்பார்ப்பது அன்றாட வேலை. நம்ம பேரேட்டையும் எதிர்க்கடைக்காரர் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக டிக் அடித்துப் போவோம். ஒருவர் எழுதாமல் விட்ட பதிவு வந்தால், அந்த இடத்தைக் காலியாக விட்டு அடுத்த வரியைத் தொடர வேண்டும். இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் தப்பாகத்தான் தெரியும்.

தமிழ்ப் பதிப்புலகமும் இந்த வழியில் வளர்ந்ததே. சமண முனிவர் திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் 1887இல் அச்சேற்றினார். பல சுவடிகளைத் திரட்டி, பாடபேதங்களை ஒப்பிட்டு, கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் ஐயம் தெளிந்து செய்த பதிப்பு அது. சமணராகிய நாங்கள் இன்றும் நன்றியோடு நினைக்கும் செய்தி இது.

உயிரியலுக்கு இக்கலை பின்னரே வந்தது. இன்சுலின் புரதத்தின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை ஃபிரெடரிக் சாங்கர் 1955க்குள் கண்டறிந்தார். அதன்பின் வரிசைகள் பெருகின. இரண்டை எப்படி ஒப்பிடுவது? 1970இல் நீடில்மன், வுன்ஷ் என்ற இருவர் கணினிக்கு ஒரு முறை வகுத்தார்கள்.

அதை நம் ஊர்ப் பெயரை வைத்தே பார்க்கலாம். சிலர் 'கம்பம்மெட்டு' என்று எழுதுகிறார்கள், ஏழு எழுத்து. சிலர் 'கம்பமெட்டு' என்கிறார்கள், ஆறு எழுத்து. பொருந்தினால் 1 மதிப்பெண், பொருந்தாவிட்டால் 1 கழிவு, காலியிடம் விட்டால் 2 கழிவு என்று வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து அப்படியே அடுக்கினால் மூன்று எழுத்து பொருந்தும், மூன்று பொருந்தாது, கடைசியில் ஒன்று மிஞ்சும். மொத்தம் கழிவு 2. நான்காம் இடத்தில் ஒரு காலியிடம் விட்டால் ஆறும் பொருந்தும், மொத்தம் 4. ஆகவே இதுவே சரியான பொருத்தம்.

நூறு எழுத்து வரிசைகள் இரண்டு என்றால் அடுக்கும் வழிகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல், இடது, மூலை ஆகிய மூன்றிலிருந்து வரும் மதிப்புகளில் சிறந்ததை எழுதிக்கொண்டே போனால், சுமார் பத்தாயிரம் கட்டங்களில் வேலை முடிந்துவிடும். 1981இல் ஸ்மித், வாட்டர்மன் இருவரும் வரிசையின் ஒரு பகுதியை மட்டும் பொருத்தும் வழி கண்டார்கள். 1990இல் பிளாஸ்ட் என்ற வேகமான நிரல் வந்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் மலையில் ஏலத்தோட்டம் வைத்த குடும்பம் எதுவும் கட்டே நோயை மறந்திருக்காது. இளம் இலையில் வெளிர்பச்சைக் கோடுகள் தெரியும், செடி குன்றும், விளைச்சல் போகும். வாழை அசுவினியும், நோய்ப்பட்ட கிழங்கும் அதைப் பரப்புகின்றன. மருந்து கிடையாது, தூரோடு பிடுங்கி அழிப்பதுதான் வழி.

இந்த நச்சுயிரியின் மரபு வரிசையை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.உஷாவும் உடன் ஆய்ந்தவர்களும் படித்தார்கள். மற்ற நச்சுயிரிகளின் வரிசைகளோடு ஒத்துப்பார்த்து, இது மக்ளுரா நச்சுயிரிப் பேரினத்தைச் சேர்ந்தது என்று 2002இல் வெளியிட்டார்கள். 2003இல் வந்த அடுத்த கட்டுரை, தென்னிந்தியாவில் வெவ்வேறு இடங்களில் எடுத்த மாதிரிகளுக்குள் வேறுபாடு மிக அதிகம் என்று காட்டியது. நாம் ஒரே நோய் என்று சொன்னதற்குள் இத்தனை பாடபேதம்! ஒரு மாதிரியை மட்டும் வைத்துச் செய்யும் சோதனை, இன்னொரு மலையின் நோயைத் தவறவிடக்கூடும். ஆகவே தோற்றத்தை மட்டும் நம்பி வெளியூர் நாற்றையோ கிழங்கையோ வாங்கி நடுவது ஆபத்து.

இந்த வரிசைகள் 1982இல் தொடங்கிய ஜென்பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்தில் சேர்கின்றன. பார்க்கக் கட்டணமில்லை, ஒப்பிடும் நிரலும் இலவசம். உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது, தாத்தாவின் தோட்டத்து நோயைப் பற்றி ஒருமுறை தேடிப் பார்க்கட்டும். தோட்டத்தை விற்றுவிடலாமா என்று யோசிக்கும் வீடுகளில் அந்தப் பேச்சுக்கு நிச்சயம் மதிப்பிருக்கும்.