குடும்ப ஆட்டம்: ஒரு தொகைச் சொல்லின் விரிவு

‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் 2014 முதல் வழங்கப்பட்டுவரும் ‘சிறந்த குடும்ப ஆட்டம்’ என்னும் பரிசுக்குக் குழந்தைகளுக்குத் தீங்கின்மையே லக்ஷணம் என்றும், ஆதலால் 2021-இல் அதனை ‘இட் டேக்ஸ் டூ’ என்னும் வீடியோ கேமுக்கு அளித்தது நடுவர் செய்த பிழை என்றும், பிழைக்கு இடந்தரும் இப்பிரிவே அர்த்தமற்றது என்றும் ஒரு பக்ஷத்தார் சாதித்து வருகின்றனர். பிழை உண்டென்பது எனக்கும் உடன்பாடே. ஆயின் அது நேர்ந்தது 2024-இல் என்பது என் துணிபு.

அவர்கள் காட்டும் பிரதான சான்று யானைப் பொம்மையின் காட்சி. மணவிலக்கை எதிர்நோக்கி நிற்கும் கோடி, மே என்னும் தம்பதியர், மகள் ரோஸின் கண்ணீரால் பொம்மைகளாக மாறியவர்கள், அவள் மீண்டும் அழுதால் தம் பழைய உருவம் வாய்க்குமென நம்பி, அவளுக்கு உயிரான ‘க்யூட்டி’ என்னும் யானையை, அது கெஞ்சக் கெஞ்ச, காது கிழிய இழுத்துச்சென்று உயரத்திலிருந்து தள்ளிவிடுகின்றனர். குழந்தை அழுகிறாள், உருவமோ திரும்பவில்லை. இது பச்சிளஞ் சிறார்க்கு உகந்ததன்று என்பதை நான் மறுக்கவில்லை. ஐரோப்பிய வயதுக் குறியீடும் இவ்வாட்டத்துக்கு 12 என்றே வரம்பு வகுத்திருக்கிறது. எனினும், இவ்வாட்டத்தைத் தனியொருவர் ஆடவே இயலாது என்பதை மறந்து இக்காட்சியை வாசித்தல் தகாது. பிணங்கி நிற்கும் பெற்றோர் ஒருமனப்பட்டுச் செய்யும் அக்கொடுமையில், அருகமர்ந்து ஆடும் இருவரும் பங்காளிகளாகின்றனர். பக்கத்திலிருப்பவரின் முகத்தை ஒருமுறையேனும் நோக்காமல் அவ்விடத்தைக் கடத்தல் அரிது. அந்த நோக்கே, என் கருத்தில், இக்காட்சியின் பயன்.

‘குடும்ப ஆட்டம்’ என்னும் தொகையைக் குடும்பத்துக்கு ஏற்ற ஆட்டம் என நான்காம் வேற்றுமையால் விரிக்கலாம். குடும்பத்தோடு ஆடும் ஆட்டம் என மூன்றாம் வேற்றுமையாலும் விரிக்கலாம். பரிசின் விதிவாசகம் குடும்பமாக ஆடுவதற்குத் தகுந்தது என்னும் பொருள்படவே அமைந்திருப்பதால், தகுதி ஆடும் முறையைச் சார்ந்ததேயன்றி ஆடுவோரின் வயதை மட்டும் சார்ந்ததன்று எனக் கொள்ள இடமுண்டு. நடுவர்களோ இரு விரிவுகளையும் மாறிமாறிக் கையாண்டிருக்கின்றனர் போலும்: இருவரின்றி நடவாத ஆட்டத்துக்கு 2021-இல் அளித்த பரிசையே, ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய ‘ஆஸ்ட்ரோ பாட்’டுக்கு 2024-இல் அளித்தனர். ஒருவர் கண்ட்ரோலரை ஒருவர் வாங்கி ஆடலாமே என்பர். அவ்வாறாயின் நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரும் குடும்ப ஆட்டமே. இப்பிரிவு உயர்ந்த படைப்புகளைச் சிறுவர் வரிசைக்குத் தாழ்த்துகிறது என்னும் மற்றோர் ஆக்ஷேபத்துக்கு நெடிய விடை வேண்டா. மேற்கூறிய இரண்டுமே அவ்வவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டமாகவும் முடிசூடியவை.

தீங்கின்மையை அறிவிக்கும் பணியை விற்பனைப் பெட்டியின் மேலுள்ள வயதுக் குறியே செய்துவிடுகிறது. அதற்கென ஒரு பரிசு மிகை. மூன்றாம் வேற்றுமையாக விரித்தாலோ, வேறெப்பிரிவும் அளவாத ஒன்றை இப்பிரிவு அளக்கிறது. அவ்விரிவுக்கு ஐயமற்ற உதாரணம் தேடுவோர், நால்வர் வரை ஒரே சமையலறையில் முட்டிமோதிச் சமைக்கும் ‘ஓவர்குக்ட் 2’ பரிசுபெற்ற 2018-ஐ நோக்குவாராக.