அமைதியான தேர்தல் என்பது அச்சமற்ற வாக்கு: சென்னைப் பெண்களும் சட்டமும்

வாக்குப்பதிவு நாளில் கலவரம் நிகழவில்லை என்றால், தேர்தல் அமைதியாக நடந்தது என்று அறிவித்துவிடுகிறார்கள். இந்த அளவுகோலை நாம் ஏற்பதில்லை. மிரட்டலுக்கு அஞ்சி ஒரு குடியிருப்பே வீட்டுக்குள் முடங்கினாலும் தெரு அமைதியாகத்தான் இருக்கும்.

பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்குச் சென்னையில் நீண்ட வரலாறு உண்டு. 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு டிசம்பரில், சரோஜினி நாயுடு தலைமையிலான குழு, சென்னை வந்திருந்த அமைச்சர் மாண்டேகுவிடம் வாக்குரிமை கோரியது. 1921இல் சென்னை மாகாணம் அவ்வுரிமையை வழங்கியது. ஆயினும் சொத்துத் தகுதி நீடித்ததால், சேரிப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். அந்த வேலியை அகற்றியது அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு.

காகிதத்தில் கிடைத்த உரிமை வாக்குச்சாவடியில் பறிபோகலாம் என்பதை 2006 அக்டோபரில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தல் காட்டியது. வன்முறை, சாவடிக் கைப்பற்றல் புகார்கள் உயர்நீதிமன்றம் சென்றன. 155 வட்டங்களில் 99இல் மீண்டும் தேர்தல் நடத்த வேண்டும் என்று நீதிபதிகளுள் ஒருவர் தீர்ப்பளித்தார். 2007 பிப்ரவரியில் மறுதேர்தல் நடந்தது. கல்லும் கத்தியும் தென்படும் இடத்தில், கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கும் பெண்ணே முதலில் திரும்பிச் செல்ல நேர்கிறது.

2016இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு சட்டமானது. 2022 மார்ச்சில் ஆர். பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். இது பெருமைக்குரியது. ஆனால் பதவி மட்டுமே பாதுகாப்பாகிவிடாது.

பாதுகாப்புக்கான கருவி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் உள்ளது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அச்சமூகங்களைச் சேராத ஒருவர் பின்வருமாறு ஒடுக்குவது குற்றம்:

• வாக்களிக்கவிடாமலோ, குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்குமாறோ, வேட்புமனுவைத் திரும்பப் பெறுமாறோ மிரட்டுதல் – பிரிவு 3(1)(எல்)
• உள்ளாட்சி உறுப்பினரையோ தலைவரையோ கடமையாற்றவிடாமல் மிரட்டித் தடுத்தல் – 3(1)(எம்)
• தேர்தலுக்குப் பின் தாக்குதல், சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பு – 3(1)(என்)

தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. பிரிவு 18 முன்பிணைக்குத் தடை விதிக்கிறது.

இச்சட்டத்துக்கு உயிர் கொடுப்போர் குடியிருப்புப் பெண்களே. மயிலாப்பூரிலும் அடையாற்றங்கரையிலும் இருந்து வெளியேற்றப்பட்டு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டோர், படிவம் 8 மூலம் முகவரியை மாற்றாவிடில் பழைய பட்டியலிலிருந்து நீக்கப்படக்கூடும். கல்வீச்சு இல்லாமலே வாக்கு பறிபோகும் வழி இது. எனவே மகளிர் குழுக்கள் வீடு வீடாகப் பெயர்களைச் சரிபார்க்க வேண்டும்; சாவடிக்குக் கூட்டாகச் செல்ல வேண்டும்; வாக்குச்சாவடி முகவர்களாக அமர வேண்டும். மிரட்டல் நேர்ந்தால் நாள், நேரம், சொன்ன சொற்கள், உடனிருந்த சாட்சிகள் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்துக் காவல் நிலையத்தில் புகார் அளிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை.

வாக்களித்த பெண் மறுநாளும் அச்சமின்றி அதே தெருவில் நடந்தால்தான் தேர்தல் அமைதியாக முடிந்தது என்போம்.